கை வைக்காம எப்படிங்க லைன் பிடிக்கறது?

அன்று ஐந்தாம் மாடியை அணைத்தது என் விரல்தான். விளக்கை அல்ல, நெட்வொர்க்கை. சென்னையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் அப்போது எனக்கு இரவுப் பணி. நாலாம் மாடி ஸ்விட்சிலிருந்து, எல்லா மாடிகளும் வந்து சேரும் நடு ஸ்விட்சான கோர் ஸ்விட்சுக்கு வரும் இரண்டு கேபிள்களில் ஒன்று போவதும் வருவதுமாக இருந்தது. அப்படித் துடிக்கிற லிங்க்கை விட்டுவைப்பதைவிட அணைத்துவிடுவது நல்லது, மற்றது தாங்கிக்கொள்ளும். சுவரில் ஒட்டியிருந்த நெட்வொர்க் படத்தில் நாலாம் மாடியிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். கோர் பெட்டியின் ஓரத்தில் எழுதியிருந்த போர்ட் எண்ணை, அதாவது கேபிள் செருகியிருக்கும் துளையின் எண்ணை, படித்தேன். கமாண்ட் அடித்தேன். ஐந்தாம் மாடி போய்விட்டது. அந்த மாடியின் இன்னொரு கேபிளை அன்று மாலைதான் பராமரிப்புக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள்.

காலையில் விசாரணை. "படம் சரியாத்தானேப்பா இருக்கு?" என்றார் மேலதிகாரி. சரியாகத்தான் இருந்தது. எந்தக் கோடும் தப்பான இடத்துக்குப் போகவில்லை. நாலாம் மாடிக் கோடும் ஐந்தாம் மாடிக் கோடும் நடுவழியில், பாதி மூடிய கத்தரிக்கோல் போல, மிகச் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அந்த இடத்தில் நான் ஒரு கோட்டில் ஏறி இன்னொரு கோட்டில் இறங்கியிருக்கிறேன். அரைத் தூக்கத்தில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். தூக்கம் மட்டுமில்லை என்று எனக்கே தெரியும். அடுத்த நாள் பகலில், காபி குடித்துவிட்டு, அதே படத்தை மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஐந்தாம் மாடிக்குத்தான் போனேன்.

இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தபோது, என்ன தலைப்பு என்று வழிகாட்டி கேட்டார். இந்தக் கதையைத்தான் சொன்னேன். "அப்ப கண்ணைத்தான் பாக்கோணும்" என்றார். மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில் தூசி படிந்து கிடந்த ஐ ட்ராக்கரை, கண் எங்கே பார்க்கிறது என்று பதியும் கருவியை, எடுத்துத் தந்தார். யாரோ ஒரு ப்ராஜெக்ட்டுக்கு வாங்கி, அது முடிந்த பிறகு யாரும் தொடாதது. நீளவாக்கில் ஒரு கருப்புப் பட்டை, மானிட்டருக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் ரகம்.

மனிதர்களின் கண் நெட்வொர்க் படத்தை எப்படிப் படிக்கிறது என்று பார்க்கப் போய், அடுத்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த தப்புகளும் கற்றுக்கொண்டதும்தான் இது. இதே வேலையில் இறங்கப் போகிற யாருக்காவது சில மாதங்கள் மிச்சமாகலாம்.

முதலில் இந்தப் பட்டை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின் மேல் வீசும். கருவிழியின் மேல் அந்த ஒளி ஒரு சின்ன மினுக்குப் புள்ளியாகத் தெரியும். பாவையின், அதாவது கண்ணின் நடுவே கருப்பாகத் தெரியும் துளையின், மையம் எங்கே, மினுக்கு எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று கேமரா அளக்கும். கண் திரும்பும்போது பாவை நகரும், மினுக்கு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வித்தியாசத்திலிருந்து திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறார் என்று கணக்கிட்டுவிடும். என்னிடம் இருந்தது 60 ஹெர்ட்ஸ் கருவி, அதாவது நொடிக்கு 60 தடவை பதியும்.

ரஷ்யாவில் ஆல்ஃபிரட் யார்பஸ் இதே வேலையைச் செய்தபோது கண்ணின் மேலேயே உறிஞ்சிப் பிடிக்கும் ஒரு சின்ன மூடியை ஒட்டி, அதில் கண்ணாடித் துண்டை வைத்துப் பதிவு செய்தார். 1967ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய பதிவுகளில் ஒன்று இன்றும் எல்லா வகுப்பிலும் காட்டப்படுகிறது. ரஷ்ய ஓவியர் ரேப்பின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒரே ஆளிடம் காட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி கேட்டார். இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டால் கண் முகங்களில் சுற்றியது. என்ன உடை போட்டிருக்கிறார்கள் என்றால் உடம்புகளுக்கு இறங்கியது. படம் மாறவில்லை, கேள்விதான் மாறியது. எங்களிடம் வந்து "இந்த நெட்வொர்க் படத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறாங்கன்னு சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: என்ன கேள்வி கேட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்?

வலைப்பின்னல் படத்தில் இருக்கும் பெட்டிகளை இந்தத் துறையில் நோட் என்றும், அவற்றை இணைப்பதை எட்ஜ் என்றும் சொல்வார்கள். நான் புள்ளி, கோடு என்றே எழுதப் போகிறேன். நம் ஊரில் புள்ளியும் கோடும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் முதல் சோதனை எளிமையானது என்றுதான் நினைத்தேன். முப்பது புள்ளிகள், எல்லாவற்றுக்கும் எண். "3லிருந்து 17க்குக் குறைந்தபட்சம் எத்தனை கோடுகள் வழியாகப் போகலாம்?" பதிலை வாயால் சொன்னால் போதும். ஒரே வலைப்பின்னலை இரண்டு விதமாக வரைந்தேன்: கோடுகள் நிறைய வெட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று, குறைவாக வெட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதுதான் படிப்பவரை அதிகம் குழப்புகிறது என்று ஆய்வாளர் ஹெலன் பர்ச்சஸ் 1997லேயே காட்டிவிட்டார். அவருடைய முடிவு எனக்கும் வர வேண்டும், அதற்கு மேல் கண் என்ன செய்கிறது என்று நான் சேர்த்துச் சொல்வேன் என்பது திட்டம்.

ஆறு பேரை உட்காரவைத்தேன். நேரக் கணக்கில் இரண்டு படத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பர்ச்சஸ் சொன்னது தப்பா, என் படம் தப்பா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. கேள்வி வந்ததும் அத்தனை பேரின் கண்ணும் படம் முழுக்க அலைந்தது, 3 எங்கே, 17 எங்கே என்று. தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பார்க்க ஆரம்பித்தார்கள். சிலர் வழி பார்க்கும்போது 17 எங்கே இருந்தது என்று மறந்து மறுபடி தேடினார்கள். நான் அளந்தது வழி கண்டுபிடிக்கிற நேரத்தை அல்ல, திருவிழாக் கூட்டத்தில் ஆள் தேடுகிற நேரத்தை. ஸ்டாப்வாட்ச் மட்டும் வைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. கருவி தன் விலைக்கு வேலை செய்த முதல் நாள் அதுதான். எண்களை எடுத்துவிட்டுத் தொடக்கப் புள்ளிக்குப் பச்சை, முடிவுப் புள்ளிக்குச் சிவப்பு என்று மாற்றினேன்.

அடுத்த சறுக்கல் இன்னும் வெட்கக்கேடு. எல்லாருடைய பார்வையையும் சேர்த்து, அதிகம் பார்த்த இடம் சிவப்பாகத் தெரியும் ஹீட்மேப் போட்டேன். படத்தின் நட்டநடுவில் செக்கச்செவேலென்று ஒரு திட்டு. "மனிதர்கள் வலைப்பின்னலை மையத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள்" என்று அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி திரையில என்ன காட்டற?" ஒரு கூட்டல் குறி. திரையின் நடுவில். கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவதற்காக நானே வைத்தது. படம் தோன்றும்போது எல்லாருடைய கண்ணும் அங்கேதான் இருக்கும், வேறு எங்கே இருக்கும்? அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு கூட்டல் குறியை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வைத்தேன், முதல் நிறுத்தத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டேன்.

பொதுவாகவே ஹீட்மேப் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. விளம்பரப் படத்துக்கு அது சரி. வலைப்பின்னலில் எதற்குப் பிறகு எதைப் பார்த்தார் என்பதுதான் விஷயம். ஹீட்மேப் அந்த வரிசையைத்தான் முதலில் அழிக்கும்.

சோதனைக்கு ஆள் பிடிப்பதில் ஒரு சங்கடம். முதல் வாரம் வந்த மாணவிகள் பலரிடம் கருவி கண்ணையே கண்டுபிடிக்கவில்லை. கண் மை. கருவி தேடுவது கருப்பாக, வட்டமாக ஒன்றை. இமை ஓரத்தில் அடர்த்தியாகத் தீட்டிய மையைப் பாவை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார், "அண்ணா, மையை அழிச்சுட்டு வரட்டுங்களா?" நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். கூட இருந்த ஆய்வக உதவியாளர் அக்காதான் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு அவரை வெளியே கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அழைப்பிலேயே எழுதிவிட்டேன்: அன்று மட்டும் மை, மஸ்காரா வேண்டாம். கண்ணாடி போட்டவர்கள் பெரும்பாலும் பிரச்சினையில்லை. ஆனால் தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்துப் போடும் ப்ரோக்ரஸிவ் லென்ஸ் இருந்தால் பார்வை லென்ஸின் எந்தப் பகுதி வழியாக வருகிறது என்பதைப் பொறுத்துப் பதிவு மேலும் கீழும் ஓடும்.

அறையும் பாடம் நடத்தியது. மேற்கு ஜன்னல் வழியாக மூன்று மணிக்கு மேல் வெயில் வந்தால் பதிவு கெட்டுவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. தடிமனான திரைச்சீலை போட்டோம். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் கண் உலர்ந்து அடிக்கடி சிமிட்டுவார்கள், அதைத் திருப்பிவிட்டோம். எல்லாவற்றையும்விட மோசமானது அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. கேள்வி கஷ்டமாக ஆக ஆக மனிதர்கள் தங்களை அறியாமல் நாற்காலியைத் திரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். கருவிக்கு அறுபது, அறுபத்தைந்து சென்டிமீட்டர் தூரம் வேண்டும். கேன்டீனிலிருந்து ஒரு மர நாற்காலி தூக்கி வந்தேன். அசைந்தால் கிறீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் எனக்கும் எச்சரிக்கை, உட்கார்ந்திருப்பவருக்கும் எச்சரிக்கை.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 0.5 டிகிரி என்று போட்டிருந்தது. அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது திரையில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 0.5 டிகிரி என்பது அரை சென்டிமீட்டர். அது நன்றாக நடந்துகொள்கிற கண், நல்ல வெளிச்சம், அப்போதுதான் செய்த கேலிப்ரேஷன் (திரையில் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவியை அந்தக் கண்ணுக்குப் பழக்குவது) எல்லாம் கூடி வந்தால். நிஜத்தில் ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். என் முதல் படங்களில் சில புள்ளிகளுக்கு இடையே அவ்வளவுதான் இடைவெளி இருந்தது. எந்தப் புள்ளியைப் பார்த்தார் என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? எல்லாப் படங்களையும் திரும்ப வரைந்தேன், எந்த இரண்டு புள்ளிக்கும் குறைந்தது மூன்று சென்டிமீட்டர் இருக்கும்படி. புள்ளிகளின் எண்ணிக்கை பாதியானது. நிஜ நெட்வொர்க் படம் இவ்வளவு காலியாக இருக்காதே என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனால் வேறு வழியில்லை. லேப்டாப் வெப்கேமை வைத்தே கண்ணைப் பதிகிற மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றின் பிழை சில டிகிரிகள் வரும். திரையின் எந்த மூலை என்று கேட்டால் சொல்லும், எந்தக் கோடு என்று கேட்கக் கூடாது.

ஒன்பது புள்ளி கேலிப்ரேஷன் முடிந்ததும் கருவி பச்சை டிக் காட்டும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வேறு நாலு இடத்தில் புள்ளி காட்டி, பார்க்கச் சொல்லி, பதிவு எங்கே விழுகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் திரும்பச் செய்யுங்கள். பத்துப் படத்துக்கு ஒருமுறை நடுவிலும் சரிபாருங்கள். ஆள் சரிந்து உட்கார உட்கார பதிவும் சரியும்.

இனி சுவாரசியமான இடம். கோட்டைப் பிடித்துப் போவது என்று சொல்கிறோமே, கண் அப்படிப் போவதே இல்லை. அசையாத கோட்டின் மேல் கண்ணால் வழுக்கிக்கொண்டு போக முடியாது. அப்படி வழுக்குவதற்குக் கண்ணெதிரே ஏதாவது நகர வேண்டும், பறக்கிற காக்கையையோ ஓடுகிற பஸ்ஸையோ பார்ப்பதுபோல. நிற்கிற படத்தில் கண் நிற்கும், தாவும், நிற்கும், தாவும். ஒரு நிறுத்தம் கால் நொடி அளவு. தாவல் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கலாம், அந்த நேரத்தில் பார்வை ஏறக்குறைய இல்லை. தெளிவாகத் தெரிகிற பரப்பு, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவோ அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மங்கல். ஆனால் கவனம் வேறு. கண் ஓரிடத்தில் நிற்கும்போதே கவனம் மட்டும் கோட்டின் மேல் ஊர்ந்து போய்விட்டு வரும். ஆகவே ஒருவர் ஒரு வெட்டுப் புள்ளியில் கண்ணை வைக்கவே இல்லை என்றால், அதை அவர் கவனிக்கவில்லை என்று எழுதிவிட முடியாது. இந்த ஒரு விஷயம் எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

60 ஹெர்ட்ஸில் ஒரு தாவலுக்கு இரண்டு மூன்று பதிவுதான் கிடைக்கும். அதை வைத்துத் தாவலின் வேகம் கணக்கிடுவது வீண். நான் நிறுத்தங்களை மட்டும் எடுத்தேன்: ஒரு டிகிரிக்குள் குறைந்தது நூறு மில்லிநொடி நின்றால் ஒரு நிறுத்தம். இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் மாற்றினாலே நிறுத்தங்களின் எண்ணிக்கை மாறும். எந்த எண்ணை வைத்தீர்கள் என்று எழுதாத கட்டுரையை இப்போது நான் மேலே படிப்பதில்லை.

சிட்னியில் வெய்டாங் ஹுவாங், பீட்டர் ஈட்ஸ், சியோக்-ஹீ ஹாங் ஆகியோர் இந்த வழியில் எனக்கு முன்னே போனவர்கள். 2007லிருந்து 2009 வரை அவர்கள் வெளியிட்டவற்றில் இரண்டு விஷயங்கள் என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தன. ஒன்று, எத்தனை இடத்தில் கோடுகள் வெட்டுகின்றன என்பது மட்டுமல்ல, எந்தக் கோணத்தில் வெட்டுகின்றன என்பதும் முக்கியம். செங்கோணத்தை நெருங்க நெருங்க வெட்டு பெரிய தொல்லை தருவதில்லை. சாய்வாக வெட்டினால் கண் அங்கே தடுமாறி முன்னும் பின்னும் போகிறது. இதைப் பிடித்துக்கொண்டு 2009ல் டிடிமோ, ஈட்ஸ், லியோட்டா மூவரும் எல்லா வெட்டுகளும் செங்கோணமாகவே இருக்கும்படி வரைகிற ஒரு தனி வகையைக் கணிதமாக எழுதினார்கள்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஐந்தாம் மாடி நினைவுக்கு வந்தது. கூடவே அம்மாவும். மார்கழியில் அம்மா போடும் சிக்குக் கோலத்தில் ஒரே கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி எத்தனை இடத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வரும்! இருந்தும் சின்ன வயதில் நாங்கள் வாசலில் உட்கார்ந்து எங்கே தொடங்கினது, எங்கே முடிகிறது என்று தப்பாமல் பிடிப்போம். இரண்டு புள்ளிக்கு நடுவே கோடுகள் குறுக்காக, நிமிர்ந்து வெட்டிக்கொள்கின்றன. கண் நேரே போய்க்கொண்டே இருக்கும், பக்கத்துக் கோட்டில் வழுக்குவதற்கு வாய்ப்பே இல்லை. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சாய்ச்சுப் போட்டா சிக்கு தெரியாதுடா, அசிங்கமா இருக்கும்" என்றார், அதற்கு ஏன் நான் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது என்ற முகத்தோடு.

இரண்டாவது விஷயம் வெட்டைப் பற்றியதே அல்ல, அதுதான் என் ஆய்வின் பெரும்பகுதியாக ஆனது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு வழி தேடும்போது, சேருமிடம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் போகிற கோட்டைத்தான் மனிதர்கள் முதலில் எடுக்கிறார்கள். சுருக்கமான வழி அதற்கு எதிர்ப்பக்கமாகக் கிளம்பினால் அது கண்ணில் படுவதே தாமதமாகத்தான். ஒரு வெட்டும் இல்லாத படத்திலும் இப்படி ஏமாறலாம். என் பதிவுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். பச்சையிலிருந்து இடப்பக்கம் போகிற ஒரு கோடு, அதைப் பிடித்தால் மூன்றே கோட்டில் சேர்ந்துவிடலாம். கண் வலப்பக்கம் போகும். முட்டும். திரும்பும். மறுபடியும் வலப்பக்கமே வேறொரு கோடு. நாலாம் தடவைதான், வேறு வழியே இல்லாமல், இடப்பக்கம் திரும்பும். சிலர் கடைசி வரை திரும்பவே இல்லை. ஐந்து கோடு என்று தப்பாகச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்கள்.

இதை எப்படி எண்ணிக்கையாக்குவது என்பதில் நிறையத் தடுமாறினேன். இரண்டு கோடுகள் வெட்டுகிற இடத்தில் கண் நின்றால் அது எந்தக் கோட்டைச் சேர்ந்தது? கோட்டைச் சுற்றிப் பட்டையாக ஒரு எல்லை வரைந்தால் இரண்டு பட்டையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. கடைசியில் கோடுகளை விட்டுவிட்டேன். புள்ளிகளைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டு, எந்தப் புள்ளிக்குப் பிறகு எந்தப் புள்ளி என்கிற வரிசையை மட்டும் எடுத்தேன். நடுவில் நின்றதெல்லாம் முன்புள்ளி, பின்புள்ளியை வைத்துத் தீர்மானம். முழுத் தீர்வு அல்ல. ஆனால் பொய் சொல்லாது.

ஒரே வலைப்பின்னலைத் திருப்பிக் கேட்கும்போது இடவலமாகப் புரட்டி, தலைகீழாகச் சுழற்றிக் காட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும், "அண்ணா, இது முதல்ல வந்ததோட தம்பியாட்ட இருக்குதுங்க" என்றான். அவன் பதிவைச் சேர்க்கவில்லை, பெயரை மட்டும் மறக்கவில்லை.

கண் எங்கே நின்றது என்று கருவி சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. ஒருவர் ஒரு புள்ளியில் நீண்ட நேரம் நின்றால் குழப்பமா, எண்ணிக்கொண்டிருக்கிறாரா, மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறாரா? பாவை விரிந்தால் மூளை கடினமாக உழைக்கிறது என்பார்கள். திரையில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் விரியும். ஆகவே சோதனை முடிந்ததும் அவரவர் பதிவைப் பாதி வேகத்தில் அவர்களுக்கே போட்டுக் காட்டி, இங்கே என்ன நினைத்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேசச் சொன்னால் பேச்சு கண்ணைக் கெடுத்துவிடும், பிறகு கேட்பதுதான் நல்லது. நெட்வொர்க் வேலையில் இருந்த சிலர் எந்தப் படம் வந்தாலும் முதலில் மேல் ஓரத்துக்குப் போனார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டதும் ஒருவர் சொன்னார்: "கோர் மேலதானே சார் இருக்கும்?" என் படங்களில் கோர் என்று எதுவுமே இல்லை. பல வருடப் பழக்கம் கண்ணை மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அந்த உரையாடல்களில் ஒன்றுதான் இந்தத் தலைப்பு. தொலைபேசி கேபிள் ஜாயின்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மாணவன் ஒருவனின் தாத்தா, துணைக்கு வந்தவர், "நானும் பாக்கறேனுங்க" என்று உட்கார்ந்தார். முதல் படம் வந்ததும் முன்னால் சாய்ந்து திரையில் ஆள்காட்டி விரலை வைத்தார். கருவி கண்ணைத் தொலைத்துவிட்டது. "ஐயா, கை வைக்கக் கூடாதுங்க" என்றேன். எடுத்தார். அடுத்த படத்தில் மறுபடி வைத்தார். மறுபடி சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "கை வைக்காம எப்படிங்க லைன் பிடிக்கறது?" என்றார். முப்பது வருடம் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகளுக்கு நடுவே ஒன்றைப் பிடித்தவர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றிலும் தப்பான பதில் சொன்னார். எழுந்து போகும்போது, "நான் தப்பாப் பாத்துட்டனுங்களா?" என்று கேட்டார்.

இல்லை ஐயா என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் அளந்துகொண்டிருப்பது மனிதர்கள் படம் படிக்கும் விதத்தையா, என் கருவிக்கு வசதியாக உட்கார்ந்து படம் படிக்கும் விதத்தையா? கண்காணிப்பு அறையில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு படம் பார்ப்பதில்லை. பேனா முனையால் தொடுவார்கள், விரலை ஒரு புள்ளியில் நட்டுவிட்டு மற்ற முனையைத் தேடுவார்கள், பக்கத்து ஆளைக் கூப்பிட்டு "இது இங்கதான போகுது?" என்பார்கள்.

மறுவாரம் அதே படங்களைக் காகிதத்தில் அச்செடுத்துப் பெரியவர் வீட்டுக்கே போனேன். ஐ ட்ராக்கர் இல்லை, தலைக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் செல்போன் மட்டும். விரல் வைத்துப் பார்த்தார். விரலும் கோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகவில்லை என்பதை வீடியோவில் பார்த்தேன். ஒரு புள்ளியில் நின்றது, வெட்டுகிற இடத்துக்கு முன்னால் அழுத்தி நின்றது, தாண்டியதும் அடுத்த புள்ளியில் இறங்கியது. இடக்கை விரல் பச்சைப் புள்ளியிலேயே இருந்தது, தொலைந்தால் திரும்பி வர. எல்லாப் பதிலும் சரி, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் அவருடைய விரலும் எல்லார் கண்ணையும் போல வலப்பக்கமே போய் முட்டிக்கொண்டது.

ஆய்வறிக்கையில் இதற்கு ஒரு பத்திதான் கிடைத்தது. ஒரு ஆள், காகிதம், கட்டுப்பாடு இல்லாத சூழல். மதிப்பிட்டவர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். எனக்கு என்னவோ அந்தப் பத்திதான் மிகவும் பிடித்தது.

நெட்வொர்க் படம் வரைகிறவர்கள் இதில் எனக்கு என்ன என்று கேட்டால், நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வரையும் மென்பொருள் தானாக அடுக்கித் தருவதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மொத்தம் எத்தனை வெட்டு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ராத்திரியில் யாரோ பிடித்துக்கொண்டு போகப்போகிற முக்கியமான வழி எது என்று பார்த்து, அந்த வழியின் மேல் விழுகிற வெட்டுகளைத்தான் குறைக்கிறேன். காலின் வேர் என்ற ஆய்வாளரும் பர்ச்சஸும் மற்றவர்களும் 2002ல் சொன்னதும் இதுதான்: பாதையை வெட்டும் கோடுகளே படிப்பவரைத் தாமதப்படுத்துகின்றன, பாதை எவ்வளவு வளைகிறது என்பதும் அதற்கு இணையாகத் தொல்லை தரும். தவிர்க்க முடியாத வெட்டை நிமிர்த்தி விடுகிறேன், அதற்காக ஒரு பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தாலும் சரி. சேருமிடத்துக்கு எதிர்த்திசையில் கிளம்புகிற வழி இருந்தால் பெட்டியின் இடத்தையே மாற்றிவிடுகிறேன். போர்ட் எண்ணைக் கோட்டின் ஒரு முனையில் மட்டும் எழுதாமல் இரண்டு முனையிலும் எழுதுகிறேன். கோட்டை மாற்றிப் பிடித்தால் எண் ஒத்துப்போகாது, கமாண்ட் அடிக்கிற விரல் ஒரு நொடி நிற்கும்.

போன வருடம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன், நண்பனைப் பார்க்க. அதே அறை, அதே சுவர். படம் மட்டும் நான் வரைந்து அனுப்பியது, நண்பன் அச்செடுத்து ஒட்டியிருந்தான். இரவுப் பணிக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அதன் முன்னால் நின்று ஏதோ ஒரு லிங்க்கைத் தேடிக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், படத்தைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் மேலே போனது, கோர் பெட்டிக்கு. பிறகு ஆறாம் மாடிக்கு இறங்கியது. அங்கே ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணை முணுமுணுத்தபடி, மற்ற கையால் மேலே தேட ஆரம்பித்தார்.